கம்பி கை ஓங்கிய நாள்

அந்த வீட்டில் அப்பா கை ஓங்கினால் சுவர்க்கடிகாரம்கூட நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். கேலி இல்லை, நிஜமாகவே ஒருமுறை நின்றது. அம்மாவைக் குறிபார்த்து அவர் வீசிய எவர்சில்வர் செம்பு குறி தப்பிக் கடிகாரத்தில் பட்டு, கண்ணாடி தூள் தூளாகி, முள் இரண்டும் கோணிக்கொண்டன. குறி தப்பியதற்கும் அம்மாவுக்குத்தான் விழுந்தது. மனுஷர் வெளியில் தங்கமான ஆள். வாசல்படி தாண்டினால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கும்பிடு. வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கைக்கு வேறு வேலை வந்துவிடும்.

கம்பி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் அந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள். அடி ஆரம்பித்ததும் அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவாள். அவளுடைய அண்ணன் புகமாட்டான். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பயந்து நிற்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாடம் படித்துக்கொண்டிருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் அப்பா மிதித்த மிதியில் அண்ணனின் பொம்மைக் கார் அப்பளமாக நொறுங்கியது. உள்ளே இருந்த குட்டி மோட்டார் மட்டும் உருண்டு கட்டிலடிக்கு வந்தது. கம்பி அதன் இரண்டு ஒயரையும் டார்ச் பேட்டரியில் வைத்தாள். சுற்றியது. ஒயரை மாற்றி வைத்தாள். எதிர்ப்பக்கம் சுற்றியது. மேலே அம்மா அலற, கீழே இவள் மோட்டாரை இப்படியும் அப்படியுமாகச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டில் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் அந்த மோட்டாரையே பிளந்து, அதிலிருந்த செம்புக் கம்பியை விரலில் மோதிரமாகச் சுற்றிக்கொண்டு திரிந்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியவர்கள். பெயர் என்னவோ இவளுக்கு வந்தது.

அப்பா கோபத்திலேயே போய்ச் சேர்ந்தார். யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மீதி வார்த்தையை அண்ணன் எடுத்துக்கொண்டான். அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை.

கம்பி பிரிண்டர் ரிப்பேர் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் ஸ்டெப்பர் மோட்டாரை முதலில் பார்த்தாள். பழைய பழக்கத்தில் அதையும் பேட்டரியில் வைத்தாள். சுற்றவில்லை. ஒரு உதை உதைத்துவிட்டு அப்படியே விறைத்துக்கொண்டது. கையால் திருகிப் பார்த்தாள், அசைய மறுத்தது. பேட்டரியை எடுத்ததும் தொளதொளவென்று ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருள்களுக்கு வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கரண்டு கொடுத்தால்தான் அது அடி அடியாக நகரும். அந்த வரிசையைச் சலிக்காமல் கொடுப்பதற்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று நகமளவில் ஒரு சில்லு. சில்லுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அது மோட்டாருக்குச் சொல்லும்: இந்த இடத்துக்குப் போ, அங்கேயே நில். மோட்டாரும் போய் நிற்கும், கரண்டு இருக்கும்வரை பிடித்த பிடியை விடாது. ஒரே ஒரு குறை. பாரம் தாங்காமல் நடுவில் வழுக்கிவிட்டால் வாயைத் திறந்து சொல்லாது. சில்லும் அது போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

“பொம்மைக் காருல வர்ற டி.சி. மோட்டார் எங்க அண்ணன் மாதிரிங்க,” என்று கல்யாணம் ஆன புதிதில் புருஷனிடம் சொல்லிச் சிரிப்பாள். “கரண்டு பட்டா போதும், தலைதெறிக்க ஓடும். நிறுத்தினாலும் ஓடுன ஓட்டம் அடங்கத் தனியா நேரம் வேணும். ஸ்டெப்பர் நான். சொன்ன எடத்துல நிப்பேன்.”

“அப்ப நான் யாரு?”

“நீங்க சுவிட்சு. சத்தமே வராது.”

புருஷன் கல்லுக்குப் பாலீஷ் போடுகிறவன். பாலீஷ்காரன் என்றால்தான் நாலு பேருக்குத் தெரியும். அப்படி ஒரு சாது. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கம்பிக்கு அவனைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். பெண் பார்க்க வந்தபோது அண்ணன் காப்பி சூடில்லை என்று டம்ளரைச் சுவரில் அடித்தான். இவன் எழுந்து, சிதறிய காப்பியைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். கம்பி அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அண்ணன் கல் அறுக்கும் பட்டறை வைத்திருந்தான். கல்யாணத்துக்கு அப்புறம் பாலீஷ்காரனுக்கும் அங்கேதான் வேலை. சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் வேண்டிய பலகைக் கற்களை அறுத்துக் கொடுக்கும் இடம். தகரக் கொட்டகை. கால் வைக்கும் இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் கல்சேறு. கையால் தள்ளி அறுக்கும் மெஷினில் ஒரு ஆளுக்கு விரல்கள் போனபோது, விரல் போனதற்காக அண்ணன் அந்த ஆளையே அறைந்தான். பிறகு தங்கையைக் கூப்பிட்டான். “ஏய் கம்பி, ஆள் தொடாம தானா அறுக்கற மாதிரி ஒண்ணு பண்ணு. உன் மூளைக்கு அது முடியும்.” அடித்தது போக மீதி நேரத்தில் அவனுக்குத் தங்கை மேல் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு அவள் ஏங்குவாள் என்பதையும் மறைப்பானேன். பெற்றவர்கள் போன பிறகு பிறந்த வீடு என்று இருந்தது அவன் ஒருவன்தான்.

மூடிப்போன ஆலையில் கழற்றிய பெரிய டி.சி. மோட்டாரை வாங்கி, அதன் முனையில் வட்ட பிளேடை மாட்டினாள். மோட்டாரும் பிளேடும் சேர்ந்த அந்தப் பாரத்துக்குப் பட்டறையில் தலை என்று பெயர். இரண்டு ஆட்கள் முக்கினாலும் தூக்க முடியாத தலை. அதை மரப்பலகை பரப்பிய இரும்புப் படுக்கைக்கு மேலே ஏற்றி இறக்க, தடித்த பல் பெல்ட்டில் ஒரு ஸ்டெப்பர். எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொடுக்கச் சுவரோரம் ஒரு பெட்டிக்குள் சில்லு. பெட்டியின் கதவில் சின்னக் காட்சித்திரை, நாலைந்து பட்டன்கள், உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு பட்டன். சிவப்பை அமுக்கினால் மெஷின் முழுக்கக் கரண்டு அறுந்துவிடும்.

கரண்டு அறுந்தால் ஸ்டெப்பர் பிடியை விட்டுவிடும் அல்லவா? அதற்காகவே அதன் தண்டில் ஒரு பிரேக் வைத்திருந்தாள். கரண்டு போன நொடியில் ஸ்பிரிங் தானாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. நன்றாகத்தான் இருந்தது, ஒருநாள் கல்சேறு புகுந்து அது விடாமல் கடித்துக்கொள்ளும்வரை. அவசர வேலை நின்றுபோயிற்று. கம்பி கழுவித் தருகிறேன் என்று சொல்வதற்குள் அண்ணன் சம்மட்டியை எடுத்து அந்தப் பிரேக்கை அடித்து நொறுக்கினான். வெறி அடங்காமல் பெட்டிக் கதவை ஓங்கிச் சாத்தினான். கதவிடுக்கில் கம்பியின் சுண்டுவிரல் இருந்தது.

விரல் கோணலாகவே கூடியது. கட்டு அவிழ்த்த கையோடு அவள் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். “பிரேக் இல்லாம செவப்பு பட்டன் இருக்கக்கூடாதுண்ணே. அமுக்குனா தலை அப்படியே கீழ வந்துரும். பிளேடும் ஓடுன வேகத்துல சுத்திட்டேதான் வரும். கரண்டு நின்னு போனா தாங்கறதுக்கு பேட்டரி போட்டுட்டேன். பட்டன் அந்த பேட்டரியையும் சேத்துத்தான் அறுக்கும். வேற பிரேக் வர்றவரைக்கும் பட்டனக் கழட்டிரட்டுமா?”

“வர்றவன் போறவன் எல்லாம் அந்தப் பட்டனப் பாத்துத்தான் சேஃப்டியான மெஷின்னு பேசுறான். கழட்டறாளாம்!” என்று அவன் மேசையிலிருந்த டிரைவர் போர்டு என்ற கனத்த சர்க்யூட் பலகையைத் தூக்கி அவள் மேல் எறிந்தான். நெற்றியில் ரத்தம் வந்தது. கழட்டுவது என்ற வார்த்தையைத் தவிர அவள் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அதற்குமேல் அவள் பேசவில்லை. வீட்டில் புருஷனிடம் மட்டும் முழுக்கச் சொன்னாள். காயத்தைத் துடைத்துக்கொண்டே அவன் கேட்டுக்கொண்டான். வேலை முடிந்ததும் தலையைப் படுக்கையில் இறக்கி உட்காரவைத்துவிட்டுத்தான் மெயினை அணைப்பார்கள். அதனால் அந்தப் பட்டனுக்கு வேலை வரவே இல்லை. அது பாட்டுக்குச் சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு வாங்கியும் கம்பி ஒருமுறைகூடத் திருப்பி அடித்ததில்லை. யாரையும் அடித்ததில்லை. கொசுவைக்கூடத் துணியால் விரட்டுவாள். “எங்க வீட்டுக் கை எனக்கு வரலைங்க,” என்பாள் புருஷனிடம். மற்றப் பெண்கள் நகையைச் சொல்வது போல இதைச் சொல்வாள். அவளிடம் இருந்த சொத்தும் அது ஒன்றுதான்.

பாலீஷ்காரனுக்கு இது பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்பதை அவன் முகத்தில் யாராலும் படிக்க முடியாது, அவ்வளவுதான். ஊரின் மறுகோடியில் வேறு பட்டறையில் பேசி, இரண்டு பேருக்கும் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டான். கம்பி நாளைக்குச் சொல்கிறேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே போனாள். தானில்லாவிட்டால் அண்ணன் அந்த மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்ற கவலை அவளுக்கு. செய்தி அதற்குள் டீக்கடை வழியாக அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

முற்பகல் வேளை. ஒரு கல் அறுந்து முடிந்து, அடுத்த கல் வரவேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பிளேடை நிறுத்தக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். நிறுத்தி ஓட்டினால் நேரம் போகிறதாம். ஆகவே தலை மேலே ஏறி நிற்க, பிளேடு ஓடிக்கொண்டே இருந்தது. பாலீஷ்காரன் படுக்கையோரம் நின்று கல்சேற்றைத் தண்ணீர் விட்டு வழித்துக்கொண்டிருந்தான். கம்பி பெட்டியருகே ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டகையின் கோடியில் அண்ணி சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி நல்லவள். அவளும் வாங்குகிறவள்தான். ஆனால் புருஷன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அது எப்படி என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

அண்ணன் உள்ளே வந்த வேகத்தில் தகரக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. பின்னாலிருந்து பாலீஷ்காரனின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

“என் தங்கச்சியக் கூட்டிட்டு ஓடப் பாக்கறியாடா? யாரக் கேட்டுடா பேசுன?”

பதில் சொல்ல விடவில்லை. இரும்புப் படுக்கையின் விளிம்பில் அவன் முகத்தை மோதினான். மறுபடி மோதினான். பல் ஒன்று தெறித்துச் சேற்றில் விழுந்தது. கீழே சரிந்தவனை விலாவில் உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் பாலீஷ்காரன் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை.

“அண்ணே, விடுண்ணே! அவர ஒண்ணும் செய்யாதண்ணே! நான் இன்னும் சரின்னே சொல்லலண்ணே!” என்று கம்பி ஓடிவந்து கையைப் பிடித்தாள். உதறிய உதறலில் பெட்டியில் போய் முட்டினாள். அண்ணன் சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தான். ஓங்கினான்.

பாலீஷ்காரன் ஒரு கை நிறையக் கல்சேற்றை அள்ளி அவன் கண்ணில் அடித்தான்.

அதற்கப்புறம் நடந்ததைக் கம்பியால் நம்ப முடியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு தள்ளாடிய அண்ணனின் வயிற்றில் அந்தச் சாது தலையால் முட்டினான். கடப்பாரையைப் பிடுங்கினான். முழங்காலில் ஒரு போடு போட்டான். எலும்பில் இரும்பு பட்ட சத்தம் பிளேடின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அண்ணன் மல்லாக்கப் படுக்கை மேல் விழுந்தான். பாலீஷ்காரன் தலைமாட்டில் நின்றபடி கடப்பாரையை அவன் தொண்டைக்குக் குறுக்கே வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினான். வயிற்றுக்கு நேர் மேலே பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் கண் தெரியாமல் கைகளை மேலே வீசினான். மெஷின் தலையிலிருந்து தொங்கிய தண்ணீர்க் குழாய் அகப்பட்டது. எழுந்துகொள்ளும் ஆத்திரத்தில் அதைப் பிடித்து இழுத்தான். ஸ்டெப்பர் முனகியது. பாரம் மீறி, கர்ரென்று வழுக்கி, தலை ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. திரையில் பார்த்தால் தலை பழைய உயரத்திலேயே இருப்பதாகத்தான் காட்டியது.

அண்ணி கேரியரைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஐயோ என் சாமி! கம்பி, அந்தச் செவப்பு பட்டன அமுக்குடி! அமுக்குடி!”

கம்பியின் உள்ளங்கை ஏற்கெனவே அந்தப் பட்டன் மேல்தான் இருந்தது. யாரும் அமுக்கிவிடக் கூடாது என்று மூடிக்கொள்ளத்தான் வைத்தாள். சத்தியமாக முதலில் அதற்குத்தான் வைத்தாள்.

“அமுக்குடி, பாவி!” என்று தொண்டை நெரிபட அண்ணனே கத்தினான்.

பாலீஷ்காரன் நிமிர்ந்தான். ரத்தமும் சேறுமாக இருந்த முகத்தில் கண்கள் மட்டும் வெளுப்பாக இருந்தன. மேலே சுற்றும் பிளேடைப் பார்த்தான். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தான். எப்போதும் போலத் தணிந்த குரலில், சாப்பாடு போடச் சொல்வது போலச் சொன்னான்.

“அமுக்கும்மா.”

அண்ணன் அன்றைக்குக் காதில் வாங்காததால், அமுக்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கொட்டகையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் அவன். கொலை என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணி சொன்னாள், அண்ணனே சொன்னான், தங்கை பதறிப்போய் அமுக்கினாள், மெஷின் மோசம் செய்துவிட்டது. ஊர் அவளைக் கட்டிக்கொண்டு அழும். கம்பிக்கு அமுக்க வேண்டும் போலிருந்தது. இதில் ஒளிவுமறைவு வேண்டாம். நெற்றித் தழும்பும் கோணல் விரலும் அம்மாவின் அலறலும் எல்லாம் சேர்ந்து அந்த உள்ளங்கைக்கு வந்துவிட்டன. பட்டன் கொஞ்சம் உள்ளே போனதைக்கூட உணர்ந்தாள்.

அதற்குள் அண்ணி வந்து அவள் மேல் விழுந்தாள். “எடுடி கைய! என் தாலிய அறுக்கப் பாக்கறியாடி!” என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். முடியாமல் போகவே மணிக்கட்டில் கடித்தாள். சதை பிய்ந்தது. கம்பி கையை எடுக்கவில்லை. “அமுக்குனா தலை விழுந்துரும் அண்ணி! அண்ணன் செத்துருவான்!” என்று கத்தினாள். அண்ணியின் காதில் எதுவும் ஏறவில்லை. அவளுடைய இன்னொரு கை பட்டனின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

கம்பி ஸ்பேனர் இருந்த கையை ஓங்கினாள். அண்ணியின் முகத்தின் நடுவில் அடித்தாள். மூக்கு உடைந்தது. அண்ணி சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வாழ்க்கையில் அடித்த முதல் அடி அது. நின்று யோசிக்க நேரமில்லை. முதலில் பிளேடு. மோட்டாரை வெறுமனே நிறுத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால், அது தன் வேகத்தாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். சில்லுக்கு அதற்கென்று ஒரு பட்டன் வைத்திருந்தாள். அமுக்கினாள். பிளேடு ஊளையிட்டபடி அடங்கியது.

அடுத்தது தலை. தூக்கவேண்டும், அவசரப்படவும் கூடாது. வேகமாகத் தூக்கச் சொன்னால் ஸ்டெப்பர் மறுபடி வழுக்கும். இந்தமுறை வழுக்கினால் நிற்காது.

“பைப்ப விடுண்ணே! பைப்ப விடு!”

எப்படியோ அது அவன் காதில் விழுந்தது. குழாயை விட்டான். கம்பி வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, மேலே என்று கொடுத்தாள். ஸ்டெப்பர் உறுமியது. தலை எறும்பு ஊர்வது போல மேலே ஊர்ந்தது. பாலீஷ்காரன் கடப்பாரையை அழுத்திக்கொண்டே இருந்தான். அண்ணனின் உதடு நீலம் பாய்ந்தது. குதிகால்கள் படுக்கையில் தடதடவென்று அடித்துக்கொண்டன.

“விடுங்க அவன! என்னங்க, போதும், விடுங்க!”

அவன் விடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக எதையும் சொல்லாமல் துடைத்துத் துடைத்து வைத்ததோ, அத்தனையும் அந்த இரண்டு கைகளில் இருந்தது.

தலை ஏறிக்கொண்டிருக்க, கம்பி பெட்டியை விட்டு ஓடினாள். ஸ்பேனரால் புருஷனின் முன்னங்கையில் அடித்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தாள். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி எலும்பு ஒடிந்தது. கடப்பாரை கீழே விழுந்தது. பாலீஷ்காரன் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் மண்டியிட்டான். அன்றைக்குத்தான் அவன் கத்தியதை அவள் முதல்முதலாகக் கேட்டாள்.

பிறந்ததிலிருந்து அடித்தவனுக்கு அவள் கையால் ஒன்றும் விழவில்லை. ஒருநாளும் அவளை அடிக்காத இரண்டு பேருக்கு எலும்பு உடைந்தது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால் பதில் கிடையாது. உயிரைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

அண்ணன் உருண்டு படுக்கையிலிருந்து இறங்கினான். குடல் வெளியே வருவது போல இருமினான். நிமிர்ந்ததும் நொண்டிக்கொண்டே நேராகத் தங்கையிடம் வந்தான். அறைந்தான். அவள் உதடு கிழிந்தது.

“புருஷனும் பொண்டாட்டியும் சேந்து என்னக் கொல்லப் பாத்தீங்களா? ஒரு பட்டன அமுக்க உனக்கு என்னடி கேடு? அமுக்க வந்தவ மூஞ்சியையும் ஒடச்சிருக்க!”

“வேணாம்ணே, அதத் தொடாத...”

“இதத்தானடி அமுக்கச் சொன்னேன்? இதத்தான?” என்று கத்தி, முஷ்டியை மடக்கிச் சிவப்பு பட்டனில் ஓங்கிக் குத்தினான்.

திரை அணைந்தது. உறுமல் நின்றது. தலை விழுந்தது.

கொட்டகையே குலுங்கியது. படுக்கைப் பலகைகள் பிளந்து சிம்புகள் பறந்தன. பிளேடு பலகையைக் கடந்து இரும்பில் இறங்கி, அண்ணன் வயிறு இருந்த இடத்தில் செங்குத்தாக நின்றது. சிதறிய சேறு நாலு பேர் முகத்திலும் அடித்தது.

அண்ணி உடைந்த மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பிளேடையே பார்த்தாள். தான் என்ன செய்யப் பார்த்தோம் என்பது புரிந்ததும் பட்டனைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அண்ணன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பினான்.

“மாப்ள. நீ அமுக்கச் சொன்னியே. ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் மச்சான்,” என்றான் பாலீஷ்காரன்.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நாலு பேரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேறு வண்டி கிடைக்கவில்லை. நர்ஸம்மா உடைந்த மூக்கையும் ஒடிந்த கையையும் வீங்கிய முழங்காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“யாரு அடிச்சது?”

கழுத்தில் கடப்பாரைத் தடத்தோடு உட்கார்ந்திருந்த பெரிய உடம்பைத்தான் அவர் பார்த்துக் கேட்டார். யார் பார்த்தாலும் அவனைத்தான் பார்ப்பார்கள்.

“மூக்கும் கையும் நான் அடிச்சது,” என்றாள் கம்பி.

நர்ஸம்மா நம்பவில்லை. “சும்மா இரும்மா நீ,” என்று சொல்லிவிட்டு அண்ணியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

பெஞ்சில் அண்ணன் ஒரு கோடியிலும் பாலீஷ்காரன் மறுகோடியிலும் இருந்தார்கள். கம்பி நடுவில் நின்றாள். அண்ணன்தான் முதலில் பேசினான். தொண்டை நசுங்கியிருந்ததால் குரல் காற்றாகத்தான் வந்தது.

“நீ ஏன் அமுக்கல?”

அவள் கிழிந்த உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

“நான் உன் எடத்துல இருந்திருந்தா அமுக்கியிருப்பேன்.” திட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே விளங்காமல், கணக்குப் புரியாத பிள்ளை கேட்பது போலக் கேட்டான்.

“தெரியும்ணே,” என்றாள் கம்பி.

உள்ளேயிருந்து பாலீஷ்காரனைக் கூப்பிட்டார்கள். ஒடிந்த கையோடு அவனால் சட்டென்று எழுந்துகொள்ள முடியவில்லை. தோளைத் தாங்கித் தூக்கிவிட வேண்டும் என்று கம்பி குனிந்து கையை நீட்டினாள்.

அவன் வெடுக்கென்று பின்வாங்கி, நல்ல கையின் முழங்கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். மறுநொடியே அவனுக்கு வெட்கமாகிவிட்டது. கையை இறக்கி, “இல்லம்மா, சும்மா...” என்று ஏதோ முனகினான்.

யார் கை நீட்டினால் அப்படி முகத்தை மறைக்கத் தோன்றும் என்று அவளுக்குத் தெரியும். நீட்டிய கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் சுவரைப் பிடித்துத் தானாகவே எழுந்து உள்ளே போனான்.